கையெழுத்து யாருடையது? சென்னை முதல் திண்டுக்கல் வரை பன்னாட்டுத் தொழிற்சங்க ஒத்துழைப்பு

அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவு, கெலமங்கலம்



இந்தச் சொற்பொழிவுக்கான தலைப்பு ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கெலமங்கலத்தில் ஒரு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள். சிலர் இங்கேயே புதிதாக வந்திருக்கும் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள். திண்டுக்கல்லில் ஒரு சங்கம் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்ட கதையை அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு பெண் கேட்டார்: “அக்கா, அமெரிக்காக்காரங்க எதுக்கு நமக்காகப் பேசணும்? அவங்களுக்கு என்ன லாபம்?”

சந்தேகப்பட உரிமை உள்ளவர் கேட்ட கேள்வி அது. நமக்காகப் பேசுகிறேன் என்று வந்தவர்கள் நிறைய. நம்மை வைத்துப் பேசிவிட்டுப் போனவர்களும் நிறைய. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இன்று உங்கள் முன்னால் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன். இது நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நான் ஒரே கேள்வியைக் கேட்கப் போகிறேன்: காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்?

1. முதலில் கடல் கடந்தது நாம்தான்

பன்னாட்டு ஒத்துழைப்பு என்றதும் கோட் போட்டவர்கள் ஜெனீவாவில் கூடிப் பேசுவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தமிழ்த் தொழிலாளி பன்னாட்டுத் தொழிலாளியானது அதற்கும் முன்னால். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் கரும்பு, ரப்பர் தோட்டங்களுக்கும், மொரீஷியஸ், நேட்டால், பிஜி பகுதிகளுக்கும் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி சேரி மக்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாக நின்றது. கடன் தீரும்வரை திரும்ப முடியாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். நம் முன்னோர் வைத்த முதல் பன்னாட்டுக் கையெழுத்து அந்தக் கைநாட்டுத்தான்.

ஐரோப்பியத் தொழிலாளர்கள் 1864இல் லண்டனில் அகிலத்தை அமைத்தார்கள். 1871இல் கல்கத்தாவிலிருந்து அதற்கு ஒரு கடிதம் போனது. இந்தியாவில் ஒரு கிளை தொடங்க அனுமதி வேண்டும் என்பது கோரிக்கை. கிளை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், உள்நாட்டு மக்களை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று அகிலத்தின் பொதுக்குழு பதில் சொன்னது. கிளை எதுவும் வேர் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலில் இருந்த இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். சொந்தக் காலில் நில், இந்த மண்ணின் உழைப்பாளியைச் சேர். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியாது.

தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் பின்னாளில் சங்கம் கட்டினார்கள். தஞ்சைப் பகுதியில் பிறந்து மலேயா சென்ற எஸ்.ஏ.கணபதி, சீனத் தொழிலாளர்களும் தமிழ்த் தொழிலாளர்களும் சேர்ந்திருந்த அனைத்து மலேயத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948இல் அந்தச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மே 4 அன்று ஆயுதம் வைத்திருந்ததாகச் சொல்லி பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்கிலிட்டது. இன வேலியைத் தாண்டி இரண்டு மொழித் தொழிலாளர்கள் ஒரு சங்கத்தில் நிற்பது அரசுக்கு எவ்வளவு பெரிய அச்சம் என்பதற்கு அந்தத் தூக்குமேடை சாட்சி.

2. பெரம்பூரும் லண்டனும்

நம் மாநிலத்தின் கதைக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு நேரம்கூட ஒழுங்காகக் கிடைக்காத காலம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள். பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க. துணை நின்றார்.

1920இல் கதவடைப்பு வந்தபோது நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை மீற வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தடையாணை வந்தது. பெருந்தொகை இழப்பீடு கேட்டார்கள். வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. சங்கம் வைப்பதையே சதியாகப் பார்க்கும் சட்டம் இருந்தால் எந்தச் சங்கமும் நிற்காது. இதை உணர்ந்த பிரிட்டிஷ் தொழிற்சங்கத் தலைவர்கள் இந்தியா மந்திரியிடம் முறையிட்டார்கள். இங்கே என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்த அழுத்தத்தின் விளைவுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். இன்று ஓசூரில் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய மனுக் கொடுக்க முடிகிறது என்றால், அதன் பின்னால் பெரம்பூர் ஆலை வாசலும் லண்டன் அலுவலகமும் இருக்கின்றன.

ஆனால் அந்த உதவியில் கலப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1881இல் இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்ததில் மான்செஸ்டர் ஆலை முதலாளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பம்பாய் ஆலைகள் குறைந்த கூலியில் நீண்ட நேரம் ஓடினால் அவர்கள் துணி விற்காது. லங்காஷயர் தொழிலாளிக்கும் தன் வேலை பற்றிய அச்சம் இருந்தது. 1990களில் உலக வர்த்தக ஒப்பந்தங்களில் தொழிலாளர் தர நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்று மேலைநாட்டுச் சங்கங்கள் கோரியபோது, இந்திய மத்தியச் சங்கங்கள் எதிர்த்தன. இது நம் ஏற்றுமதியைத் தடுக்கும் சூழ்ச்சி என்றன. ஆகவே “அவங்களுக்கு என்ன லாபம்?” என்ற கேள்வி நூறாண்டுக் கேள்வி. லாபம் உண்டு. உன் கூலி தாழ்ந்தால் என் வேலை போகும் என்ற பயம் உண்டு. அந்தப் பயம் இரண்டு வழிகளில் போகலாம். உன்னை வெளியே தள்ளக் கேட்கலாம், அல்லது உன் கூலியை உயர்த்தக் கேட்கலாம். எந்த வழி என்பதை முடிவு செய்வது இந்தப் பக்கத்தில் இருக்கும் சங்கத்தின் பலம்.

1919இல் வாஷிங்டனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு நடந்தது. முதல் உடன்பாடே எட்டு மணி நேர வேலை, வாரம் 48 மணி. ஆனால் அதே உடன்பாட்டில் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விதி எழுதினார்கள்: வாரம் 60 மணி. உலகத் தொழிலாளிக்கு ஓர் அளவு, இந்தியத் தொழிலாளிக்கு ஓர் அளவு. அந்த மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியை அரசே தேர்ந்தெடுத்து அனுப்பியது. பிரதிநிதியைச் சங்கங்களோடு பேசித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி இருந்தும், பேசுவதற்கு அகில இந்திய அமைப்பு இல்லை. அந்த நெருக்கடியும் ஒரு காரணமாகி 1920 அக்டோபர் 31 அன்று பம்பாயில் ஏஐடியூசி பிறந்தது.

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவின் முதல் மே தினம் அது. சிகாகோ தொழிலாளியின் ரத்தத்தை மீனவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்.

3. புளியந்தோப்பு

இதுவரை நான் சொன்னது தொழிற்சங்க வரலாற்று நூல்களில் கிடைக்கும் கதை. இந்த அரங்கில் அதை இதோடு நிறுத்தினால் நாம் நமக்கே துரோகம் செய்கிறோம்.

லண்டனிலிருந்து ஆதரவு வந்துகொண்டிருந்த அதே 1921இல், அதே பின்னி ஆலைகளில், வேலைநிறுத்தம் சாதி வழியில் உடைந்தது. சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். மாதக்கணக்கில் கூலி இல்லாமல் இருக்க அவர்களிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. கடன் கொடுக்கும் உறவும் இல்லை. போராட்டத்தை முடிவு செய்த தலைமையில் அவர்கள் இல்லை. எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மோதல்களிலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. எரிந்த சேரிகளுக்கு அரசு செய்த உதவியைக்கூட நீதிக்கட்சித் தலைவர்கள் சலுகை என்று குறை சொன்னார்கள். நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. மாதக்கணக்கில் நீடித்த போராட்டம் தோற்றது.

அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. நான் கேட்பது வேறு. வேலைக்கு வெளியே அவனைத் தெருவுக்குள் விடாத ஒருவர், வேலை வாசலில் மட்டும் “தோழா, வெளியே வா” என்று அழைத்தால், அவன் எந்த நம்பிக்கையில் வருவான்? ஐயாயிரம் மைல் தாண்டி மான்செஸ்டர் தொழிலாளியின் கையைப் பிடிக்க முடிந்த சங்கத்தால், அரை மைல் தாண்டிப் புளியந்தோப்புத் தொழிலாளியின் கையைப் பிடிக்க முடியவில்லை. நாட்டு எல்லைக்கு முன்னால் கடக்க வேண்டிய எல்லை ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்தது. அதைக் கடக்காத சர்வதேசியம் ஒரே கோடையில் நொறுங்கியது.

4. அம்பேத்கர் போட்ட கணக்கு

இந்தக் கணக்கை மிகத் தெளிவாகப் போட்டவர் அண்ணல். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோருக்கு இடமில்லை. தறியின் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும். சாதி இந்துத் தொழிலாளர் அதற்குச் சம்மதிக்கவில்லை. செங்கொடி பறந்த ஆலைகளிலும் இதுதான் நிலை. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கோரிக்கையாக எழுப்பினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், உழைப்பாளிக்கு எதிரிகள் இருவர், ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளியம் என்றார். அதே ஆண்டு நவம்பரில், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். விமர்சனமும் ஒற்றுமையும் ஒரே மனிதரிடம் ஒரே ஆண்டில் இருந்தன. மாணவ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பாணியில் அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் உட்காரும் முத்தரப்பு மாநாடுகளுக்குத் தலைமை ஏற்றார். வாஷிங்டனில் இந்தியனுக்கு எழுதிய 60 மணி, 1934 சட்டத்தில் 54 ஆகியிருந்தது. 1946 திருத்தத்தில் 48 ஆனது. உலக அளவு நமக்கு வந்து சேர 27 ஆண்டுகள் பிடித்தன. கொண்டுவந்தவர் யார் என்று எத்தனை ஆலைகளின் மே தின மேடையில் சொல்கிறார்கள்?

இன்னொன்றும் செய்தார். நிபந்தனைகளை நிறைவு செய்த சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். அந்த வழியில் 1947இல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. சங்கம் வைக்கும் உரிமை பற்றிய 87ஆம் உடன்பாட்டையும், கூட்டுபேர உரிமை பற்றிய 98ஆம் உடன்பாட்டையும் இந்தியா ஏற்கவில்லை. 2024இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வெளியே நின்றது முதன்மையாகச் சங்கத்தின் பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும்தான்.

5. காகிதமும் கீழ்வெண்மணியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1945இல் பாரிஸில் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் உருவானது. நான்கே ஆண்டுகளில் பனிப்போர் அதைப் பிளந்தது. இந்தியச் சங்கங்களும் பிரிந்தன. ஏஐடியூசி ஒரு பக்கம், ஐஎன்டியூசியும் எச்எம்எஸ்ஸும் மறுபக்கம். தலைவர்கள் மாநாடுகளுக்குப் போனார்கள், தீர்மானங்கள் வந்தன. அவற்றால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காகிதங்கள் யாரை எட்டவில்லை என்பதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு.

விவசாயக் கூலிகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சமமான சங்க உரிமை உண்டு என்ற பன்னாட்டு உடன்பாட்டை இந்தியா 1923லேயே ஏற்றுக்கொண்டது. 45 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. ஜெனீவாவில் இருந்த காகிதம் கீழ்வெண்மணியின் கதவைத் திறக்கவில்லை. அந்தக் காகிதத்தை எழுதிய மேசையில் அந்தக் குடிசையிலிருந்து யாரும் இல்லை. மீறினால் யார் என்ன இழப்பார் என்றும் அதில் எழுதப்படவில்லை.

6. திண்டுக்கல்

1990களுக்குப் பிறகு துணி உலகம் மாறியது. சட்டையைத் தைப்பது திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும், விற்பது நியூயார்க்கிலும் ஸ்டாக்ஹோமிலும். நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தத் தொகை கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். ஐரோப்பிய அமைப்புகள் 2011இல் அறிக்கை வெளியிட்டன. பிராண்டுகள் வருத்தம் தெரிவித்தன, ஆடிட்டர்களை அனுப்பின. ஆடிட்டர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். அன்று கழிவறை சுத்தமாக இருக்கும். பெண்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் நடக்கும். கம்பெனி எழுதி, கம்பெனி சோதித்து, கம்பெனியே மதிப்பெண் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. தொழிலாளியின் கையெழுத்து எங்கும் இல்லை.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆலைகள் சிலவற்றிலும் ஆடிட் நடந்திருந்தது. அதன்பிறகுதான் பன்னாட்டுச் சங்கக் கூட்டமைப்புகளான இண்டஸ்ட்ரிஆலும் யூனியும் வங்கதேசச் சங்கங்களும் பிராண்டுகளோடு கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம் என்பது அதன் உயிர்நாடி. பிராண்டின் வாக்குறுதி சட்டக் கடமையாக மாறியது.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்ணின் பெயர் உலகம் முழுவதும் முழக்கமானது. இன்று நான் அவர் பெயரைச் சொல்லாமல் அவருக்குத் தலைவணங்குகிறேன். அவர் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனின் உறுப்பினர். பெண்கள் தலைமையில், தலித் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்டு நடக்கும் சங்கம் அது. மாநிலத் தலைவர் திவ்யராகினி.

ஒரு தலித் பெண் இறந்தால் நம் ஊரில் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது தனிப்பட்ட விவகாரம், காதல் தகராறு என்று முடித்துவிடுவார்கள். சங்கம் அதை ஏற்கவில்லை. இது வேலையிடத்தின் பிரச்சினை, மேற்பார்வையாளருக்குப் பெண் தொழிலாளி மேல் இருக்கும் அதிகாரமும் சாதியும் சேர்ந்த பிரச்சினை என்றது. ஆசிய நாடுகளின் ஆடைத் தொழிற்சங்கங்கள் சேர்ந்த ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸையும், அமெரிக்காவில் இயங்கும் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பையும் துணைக்கு அழைத்தது. ஆலையின் துணியை வாங்கியவர்கள் யார் என்று தேடினார்கள். எச் அண்ட் எம் கடைகளின் வாசலில் கேள்வி எழுந்தது.

2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பகுதி சங்கத்துக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் இடையில். மறுபகுதி பிராண்டுகளோடு. எச் அண்ட் எம் முதலிலும், பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. வேலையிடத்தில் பாலின வன்முறையை ஒழிப்பதற்காக ஆசியாவில் போடப்பட்ட, பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் ஒப்பந்தம் இது. ஆப்பிரிக்காவின் லெசோதோவில் 2019இல் பெண் தொழிலாளர் பெற்ற ஒப்பந்தம் இதற்கு முன்னோடி.

அது வேலை செய்யும் விதத்தைச் செயல்வீரர்கள் கவனமாகக் கேளுங்கள். 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தளத்திலேயே கண்காணிப்பாளர்கள். அவர்களும் தொழிலாளர்கள்தான், சங்கம் பயிற்சி கொடுக்கிறது. மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தை பேசினால், உரசினால், அன்றே புகார் போகும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. விசாரிக்க நிர்வாகத்தைச் சாராதவர்கள் உண்டு. ஆலை மீறினால் பிராண்டு ஆர்டரில் கைவைக்க வேண்டும். சாதிப் பாகுபாடும் வெளிமாநிலத்தவர் என்ற பாகுபாடும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டுள்ளன. பன்னாட்டு பிராண்டுகள் கையெழுத்திட்ட காகிதத்தில் சாதி என்ற சொல் ஏற வேண்டுமானால், அதை வாழ்ந்தவர்கள் மேசையில் இருக்க வேண்டும். இருந்தார்கள். அதனால் ஏறியது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. புகார் வந்ததைத்தான் நான் பெரிய வெற்றியாகப் பார்க்கிறேன். பயம் போன இடத்தில்தான் புகார் வரும்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது. சரக்கு நின்றால் முதலில் பட்டினி கிடப்பது தையல் மிஷினில் இருப்பவர். ஒப்பந்தத்தின் மூலம் நிலைமை மாறியிருக்கிறது என்ற சான்று முன்வைக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் தடை விலகியது. வெளிநாட்டுத் தடை என்பது கூர்மையான கத்தி. அதன் பிடி உள்ளூர்ச் சங்கத்தின் கையில் இல்லாவிட்டால் அது நம்மையே வெட்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இது ஒரு குழுமத்தின் ஆலைகளில் சில ஆயிரம் தொழிலாளர்களுக்கானது. பக்கத்து ஆலையில் இல்லை. பிராண்டு ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றினால் ஒப்பந்தமும் வெறும் காகிதமாகலாம். அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு சிறு சங்கம் செய்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. வேலையிட வன்முறைக்கு எதிரான 190ஆம் உடன்பாட்டை 2019இல் உலகம் ஏற்றுக்கொண்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

7. இந்த எல்லையில் நாம்

கெலமங்கலத்துக்குத் திரும்புகிறேன். ஓசூரில் சிப்காட் வந்து ஐம்பதாண்டு. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொடங்கி இப்போது செல்போன் பாகங்கள்வரை வந்திருக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ்களில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி எல்லாம் கேட்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பெண்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் கணிசமாக இருக்கிறார்கள். 2025 நவம்பரில் நாகமங்கலம் பக்கத்து விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இரவில் திரண்டார்கள். மொழி ஒன்றல்ல, மாநிலம் ஒன்றல்ல. ஆனால் திரண்டார்கள். அந்தக் கோபம் மறுநாள் ஷிப்டோடு கரைந்துவிடாமல் இருக்க ஓர் அமைப்பு வேண்டும்.

எல்லை நமக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். 2023 பிப்ரவரியில் கர்நாடகம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்கச் சட்டம் திருத்தியது. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அதே 12 மணி மசோதா நிறைவேறியது. அங்கே செய்துவிட்டார்கள், இங்கே செய்யாவிட்டால் கம்பெனி போய்விடும் என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் வாதம். தொழிற்சங்கங்களும், விடுதலைச் சிறுத்தைகளும், இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தார்கள். மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அண்ணல் கொண்டுவந்த எட்டு மணி நேரம் அன்று தப்பியது.

அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்திலும் நல்ல செய்தி உண்டு. 2020 ஏப்ரலில் கர்நாடக ஆடைத் தொழிலாளருக்கு வர வேண்டிய பஞ்சப்படி மாதம் 417 ரூபாயைக் கம்பெனிகள் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். பெங்களூரு ஆடைத் தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. அமெரிக்காவின் தொழிலாளர் உரிமைக் கண்காணிப்பு அமைப்பு பிராண்டுகளைக் கேள்வி கேட்டது. 2022இல் மிகப் பெரிய நிறுவனம் நிலுவையோடு கொடுக்க ஒப்புக்கொண்டது. எல்லை தாண்டிப் போகும் நம் பெண்களுக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று என்று நினைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஆலையிலும் தயாராகும் பொருள் எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று எழுதி வைத்துக்கொள்வது. பெட்டியில் ஒட்டும் லேபிளைப் படித்தாலே பாதி விவரம் கிடைக்கும். மாணவர்கள் இதில் உதவலாம். இரண்டு, ஓசூர், ஆனேக்கல் இரண்டு பக்கத்துச் சங்கங்களும் மாதம் ஒருமுறையாவது ஒன்றாக உட்காருவது. ஜெனீவாவுக்கு முன்னால் அத்திப்பள்ளி. மூன்று, சங்கத்தின் தலைமையில் சேரிப் பெண்ணும் வெளிமாநிலப் பெண்ணும் இருப்பதை விதியாகவே எழுதுவது. புளியந்தோப்பு நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. நாம் ஜார்க்கண்ட் பெண்ணை “வடக்கத்தி” என்று தள்ளி வைத்தால், 1921இல் நம்மைத் தள்ளி வைத்தவர்களின் வேலையை நாமே செய்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு என் பதில் இதுதான். தங்கச்சி, அவங்களுக்கும் லாபம் இருக்கு. நம்ம கூலி ஏறினா அவங்க வேலை நிக்கும். அது தப்பில்ல. அவங்க வந்து நமக்காகப் பேச வேண்டாம். நாம பேசுறப்போ அவங்க ஊர்க் கடை வாசல்ல நின்னு அதைத் திரும்பச் சொன்னாப் போதும். ஆனா முதல்ல பேச வேண்டியது நாம. கையெழுத்துப் போட வேண்டியதும் நாம.

கப்பலேறிய கொள்ளுப்பாட்டி கைநாட்டு வைத்தாள், அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் அவளுடைய கொள்ளுப்பேத்திகள் தாங்களே எழுதச் சொன்ன வாசகத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த கையெழுத்து கெலமங்கலத்திலிருந்து வர வேண்டும். அந்த வாடகை அறையில் வரும் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் இருக்கிறது. வாருங்கள்.

ஜெய் பீம்.